வரிசை முடியும் இடம்

கரும்பு வெட்டும்போது பச்சமுத்துவை வரிசையின் நடுவில் நிறுத்தக் கூடாது. வரிசை முடிந்து அவர் வரப்பில் கால் வைத்த பிறகு எதை வேண்டுமானாலும் சொல்லலாம். கூழ் குடிக்கச் சொல்லலாம், நிழலில் உட்காரச் சொல்லலாம், கேட்பார். நடுவில் மட்டும் கூடாது. இந்த ஒரு விதியைக் கண்டுபிடிக்க அவர் மனைவி செல்லியம்மாளுக்குப் போன சீசன் முழுக்க ஆயிற்று. கண்டுபிடித்த பிறகு அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவர்கள் பழனி மேஸ்திரியின் கொத்தில் இருந்தார்கள். கொத்து என்றால் சேர்ந்து வெட்டும் கூட்டம்; அதில் பன்னிரண்டு ஜோடி. கரும்பு வெட்டில் ஜோடி என்றால் பெரும்பாலும் புருஷனும் பெண்டாட்டியும்தான். ஆண் முன்னால் போய் வெட்டுவான். இடது கையால் கரும்பைப் பிடித்து, குனிந்து, மண்ணை ஒட்டி ஒரே வெட்டு. மண்ணை ஒட்டி வெட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. கரும்பின் இனிப்பு அடியில்தான் அதிகம். நான்கு விரல் உயரத்தில் வெட்டினால் அந்த நான்கு விரல் சர்க்கரை வயலிலேயே நின்றுவிடும். அது மட்டுமில்லை, மண்ணுக்குள் இருக்கும் கணுவிலிருந்து கிளம்பும் மறுதாம்புதான் அடுத்த வருஷத்துப் பயிர். உயரமாக விட்ட கட்டையிலிருந்து கிளம்பினால் அது ஒரு காற்றுக்குத் தாங்காது. வெட்டிய கரும்பின் கொழுந்தை இன்னொரு வீச்சில் தட்டிவிட்டுப் பின்னால் போடுவான். பின்னால் வரும் பெண் சோகை இலையை உரித்து, பத்துப் பதினைந்து கழியாகச் சேர்த்து, கொழுந்தையே கயிறாகத் திரித்துக் கட்டுவாள். ஜோடியில் ஒருவர் இல்லாவிட்டால் மற்றவருக்கும் கொத்தில் இடமில்லை.

வரிசை முடிந்ததும் வெட்டுகிறவன் கொடுவாளைத் திருப்பி, பிடி முன்னால் வரும்படி பெண்ணிடம் நீட்டுவான். அவள் வரப்பில் இருக்கும் கல்லில் தீட்டித் தருவாள். அதற்குள் அவன் தண்ணீர் குடிப்பான். பச்சமுத்து இருபத்தைந்து வருஷமாக இப்படித்தான் செய்தார். அவரிடம் மாறாமல் இருந்த சில விஷயங்களில் அதுவும் ஒன்று.

மற்றதெல்லாம் மூன்று வருஷத்துக்கு முன்னால், அவருடைய நாற்பத்து மூன்றாவது வயதில் மாற ஆரம்பித்தது. முதலில் வந்தது மறதி இல்லை. எந்த வருஷம் எந்த வயலில் வெட்டினோம், எந்தத் திருப்பத்தில் கரும்பு லாரி சாய்ந்தது என்று கேட்டால் இப்போதும் சொல்வார். மாறியது ஆள். தன் அம்மாவைப் புதைக்கும்போது, குழியில் மண் விழும் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார். வெல்லத்தைக் கை நிறைய அள்ளித் தின்றார்; பானையை ஒளித்து வைத்தால் அடுத்த வீட்டில் போய் எடுத்தார். மகள் கண்ணகி கல்லூரி விடுதியிலிருந்து காய்ச்சலோடு வந்து, வாசற்படியை ஒட்டி மூன்று நாள் சுருண்டு கிடந்தாள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அவளைத் தாண்டிக்கொண்டு போனார். ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவள் விடுமுறைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

அப்புறம், போன சீசன் முடிந்த பிறகு, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட். முன்னால் நின்ற ஒரு பெண்ணின் சடையைப் பிடித்து, கயிறு பார்ப்பது போலத் தடவிப் பார்த்தார். நாலைந்து பேர் சேர்ந்து அடித்தார்கள். அடி விழும்போதும் அவர் முகத்தில் வெட்கம் இல்லை, பயம் இல்லை. அதுதான் அடித்தவர்களை இன்னும் அடிக்க வைத்தது.

அவருடைய தம்பி சின்னக்கண்ணு மலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர்கள் வீடு கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி ஒரு மேட்டில். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பலா மரம். பெரிய மரத்தில் மாடு கட்டும் சங்கிலியைச் சுற்றி, மறுமுனையை அண்ணன் கணுக்காலில் பூட்டினான்.

“அண்ணி, எம்மேல கோவப்படாதீங்க,” என்றான். “அடுத்த வாட்டி கொன்னுடுவானுங்க.”

அவன் சொன்னது பொய் இல்லை.

சங்கிலி எட்டடி. பச்சமுத்து காலையிலிருந்து இருட்டும் வரை மரத்தைச் சுற்றி நடந்தார். சுற்றிச் சுற்றிச் சங்கிலி மரத்தில் இறுகி, கால் மரத்தோடு ஒட்டியதும் கத்தினார். யாராவது வந்து எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட வேண்டும். கணுக்காலில் புண் வந்து, ஈ மொய்த்தது. மண்ணில் அவர் கால்பட்ட வட்டம் தட்டு மாதிரிப் பள்ளமானது.

இரண்டாவது மாதம் செல்லியம்மாள் அவரை அவிழ்த்து, பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். தலையைப் படம் பிடித்தார்கள். வயசில் சின்ன டாக்டரம்மா ஒருத்தி அந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாள்.

“டிமென்ஷியான்னு பேரும்மா. வயசானவங்களுக்கு வர்ற மறதி நோய்னு கேள்விப்பட்டிருப்பீங்க. இவருக்கு இந்த வயசுலயே வந்திருக்கு. இதோ பாருங்க, மூளையோட முன்பக்கம் சுருங்கியிருக்கு.”

“அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்குதுங்களே.”

“ஞாபகம் இருக்குறது வேற இடம். வண்டியில இன்ஜின் ஒரு இடம், பிரேக் ஒரு இடம் இல்லையா? இவருக்கு இன்ஜின் ஓடுது, பிரேக் தேஞ்சிகிட்டிருக்கு. இதைச் செய்யலாமா, செஞ்சா அவங்களுக்கு வலிக்குமா, போதும் நிறுத்திக்கலாமா, இதையெல்லாம் பார்த்துக்கறது இந்த முன்பக்கம்தான்.”

“மருந்து குடுத்தா வளருங்களா?”

டாக்டரம்மா படத்தை இறக்கி வைத்தாள். “தேயறதை நிறுத்த மருந்து இல்லைம்மா. அவர் கோபத்தைக் குறைக்க ஒரு மாத்திரை தரேன். அதைவிட முக்கியம், அவர் கத்தும்போது, அடிக்கும்போது, அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி என்ன நடந்துச்சுன்னு பாருங்க. காரணம் இல்லாம எதுவும் நடக்காது. அவருக்குச் சொல்லத் தெரியாது, நீங்கதான் கண்டுபிடிக்கணும்.”

பிறகு ஃபைலில் ஒரு வரியைத் தமிழில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, வாசித்தும் காட்டினாள்: கத்தி, அரிவாள் போன்ற எதையும் கையில் கொடுக்கக் கூடாது.

மலைக்குத் திரும்பியதும் சின்னக்கண்ணு அவரை மறுபடி மரத்தில் பூட்டினான். ஒரு நிமிஷம் முன்னால் பார்ப்பதில் செல்லியம்மாள் கெட்டிக்காரி ஆனாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் ஏன் கத்துகிறார் என்று நாலு நாள் பார்த்தாள். கோழிக் கூண்டின் மேல் போட்ட தகரத்தில் வெயில் பட்டு அவர் கண்ணில் அடித்தது. தகரத்தின் மேல் கோணியைப் போட்டாள், கத்தல் நின்றது. சட்டையைக் கிழித்துக்கொண்டதற்குக் காரணம் கழுத்துப் பட்டியில் தைத்திருந்த, கம்பெனிப் பெயர் போட்ட துணித்துண்டு, அறுத்துப் போட்டாள். பின்னாலிருந்து தொட்டால் அடிப்பார். எதிரே வந்து, முகம் காட்டி, பிறகு தொட்டால் அடிக்க மாட்டார். போன சீசனில் அவர் கொடுவாளை வீசி எறிந்த நாட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எல்லாம் வேலையைப் பாதி வரிசையில் நிறுத்திய நாட்கள். வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒருநாளும் கோபம் வந்ததில்லை. வெட்டும்போது மட்டும் அவர் பழைய பச்சமுத்து.

கரும்பு ஒரே மாதிரி நிற்கிறது. பிடி, வெட்டு, தட்டு, போடு. எதையும் யோசித்து முடிவு செய்ய வேண்டியதில்லை. வரிசைக்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவு உண்டு. பலா மரத்தடி வட்டத்துக்கு முடிவு கிடையாது. அதனால்தான் அவரால் அங்கே நிற்க முடியவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

மார்கழி பிறந்ததும் பூட்டைத் திறந்தாள். கணுக்காலில் மஞ்சளும் எண்ணெயும் தடவித் துணி சுற்றி, கொத்தோடு கீழே இறங்கினாள். ஆஸ்பத்திரி ஃபைலைத் தகரப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

ஒரு வரிசை வெட்ட அவருக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். கூழ் நேரம், சாப்பாட்டு நேரம், சாயங்காலம் வேலை நிற்கும் நேரம் எல்லாம் வரிசை முடிவில் வந்து விழும்படி அவள் கணக்குப் போட்டாள். நேரம் பிடிக்கும் போலிருந்தால், தன்னிடம் இருந்த இன்னொரு கொடுவாளை எடுத்துக்கொண்டு வரிசையின் மறுமுனைக்குப் போய், எதிரிலிருந்து வெட்டிக்கொண்டு வருவாள். இருவரும் எங்கே சந்திக்கிறார்களோ அங்கே வரிசை முடிந்துவிடும். அவர் நிமிர்ந்து, கொடுவாளைத் திருப்பி, பிடியை நீட்டுவார்.

“இன்னாடி செல்லி, புருஷனுக்கு எதிர்ல போய் நின்னு வெட்டிக்கினு கீற? மொகத்தப் பாக்காம இருக்க முடியலியா?” என்று பழனியின் மனைவி இருசம்மாள் கிண்டல் செய்வாள்.

“ஆமா அண்ணி, புதுசா கட்டிக்கினு வந்தேன் பாரு!”

பெண்கள் சிரிப்பார்கள். செல்லியம்மாளும் சிரிப்பாள்.

ஆனால் மற்றதை மறைக்க முடியவில்லை. பச்சமுத்து எல்லோருக்கும் எதிரே வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஒன்றுக்குப் போனார். அடுத்தவர் தூக்குவாளியில் கைவிட்டுத் தின்றார். இதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. தலையில் நோய் என்று சொன்னால் கொடுவாளைப் பிடுங்கிக்கொண்டு இரண்டு பேரையும் பஸ் ஏற்றிவிடுவார்கள். பஸ் போய் நிற்கும் இடம் பலா மரம். குடி என்று சொன்னால் திட்டுவார்கள், சிரிப்பார்கள், விட்டுவிடுவார்கள். கொத்தில் பாதிப் பேர் குடிக்கிறவர்கள். அதனால் குடி என்று சொன்னாள். வாழ்க்கையில் பீடிகூடப் பிடிக்காத மனுஷன் அவர்.

பழனி அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினான். அவன் கருணாபுரத்துக்காரன். போன ஆனி மாதம், பாக்கெட்டில் விற்ற கள்ளச்சாராயம் குடித்து அத்தனை பேர் செத்தபோது அவனுடைய தம்பியும் போனான். காலையில் கண் மங்கலாகத் தெரிகிறது என்றான் தம்பி. தூங்கினால் சரியாகிவிடும் என்று பழனி அவனைப் படுக்க வைத்தான். அந்தத் தூக்கத்திலிருந்து அவன் எழவில்லை.

“தங்கச்சி, மச்சான் இன்னா குடிக்கிறாரு? கடைச் சரக்கா, பாக்கெட்டா?”

“கடைச் சரக்குதாண்ணே. ராத்திரில கொஞ்சூண்டு.”

“கடைன்னா போவட்டும், வுடு. பாக்கெட்னா எங்கொத்துல எடம் கெடையாது. தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன், சொல்லிட்டேன். இன்னொரு வாட்டி படுக்க வெக்க மாட்டேன்.”

“தெரியும்ணே.”

தை மாதக் கடைசியில் திருக்கோவிலூர் பக்கம் நாராயணசாமி என்பவரின் இரண்டு ஏக்கரில் வெட்டு. காலை ஏழு மணிக்கு இறங்கினார்கள். பச்சமுத்து முதல் வரிசையை முடித்தார், கூழ் குடித்தார். ஒன்பதரைக்கு இரண்டாவது வரிசையில் இறங்கினார். செல்லியம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குத் தண்ணீருக்குப் போனாள். வரிசை முடிய நேரம் இருக்கிறது, பயமில்லை.

பத்து மணிக்குச் சர்க்கரை ஆலையிலிருந்து நாராயணசாமிக்கு போன் வந்தது. ஆலையில் ஏதோ பழுது, அரவை நின்றுவிட்டது, எப்போது ஓடும் என்று தெரியாது, வெட்டை நிறுத்துங்கள் என்றார்கள். நிற்கும் கரும்பு பத்து நாள் நின்றாலும் அப்படியே இருக்கும். வெட்டிப் போட்ட கரும்பு அப்படியில்லை. அந்த நிமிஷத்திலிருந்து எடை குறையும், இனிப்பும் கெட ஆரம்பிக்கும். அதனால் ஆலை நின்றால் வயலில் ஒரு கழிகூட மேற்கொண்டு விழக் கூடாது.

நாராயணசாமி வரப்பில் ஓடிவந்தார். “பழனி, நிறுத்தச் சொல்லுய்யா! அப்பிடியே நிறுத்து!”

பழனி விசில் அடித்தான். பதினொரு கொடுவாள்கள் நின்றன. ஒன்று மட்டும் நிற்கவில்லை.

“மச்சான், போதும், வா!”

பச்சமுத்து வெட்டினார்.

“ஏய், அந்த ஆளுக்குக் காது கேக்கலியா?” என்றார் நாராயணசாமி. “வெட்டிக்கினே போறான் பாரு!”

செல்லியம்மாள் குடத்தோடு வரும்போது பார்த்தாள். எல்லோரும் நிற்கிறார்கள், அவர் மட்டும் குனிந்திருக்கிறார். வரிசையில் முக்கால் பங்குக்கு மேல் மீதி இருக்கிறது. பழனி வரப்பிலிருந்து இறங்கி அவரை நோக்கிப் போகிறான். குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

“அண்ணே, தொடாதீங்க! ஐயா, இந்த ஒரு வரிசை மட்டும் வெட்டிக்கிறோங்க, நானும் எதிர்ல வெட்டுறேன், சீக்கிரம் முடிஞ்சிடும்...”

“வெட்டிப்புட்டு? காயறதுக்கு வுடவா? ஒரு கழி வுழக் கூடாது!” என்றார் நாராயணசாமி.

பழனி திரும்பி அவளைப் பார்த்தான். “ஏன் தொடக் கூடாது? இன்னா ஆச்சு மச்சானுக்கு?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. சொன்னால் இன்றைக்கே பஸ்.

“போதைண்ணே,” என்றாள். “போதையில கீறாரு. கொஞ்ச நேரம் வுடுங்க, தெளிஞ்சிடும்.”

இதுவரை அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. இப்போது அதைக் கேட்டதும் பழனியின் முகம் வெளுத்தது. அவன் மனசு ஓடிய வழி நேரானது. மணி பத்து. அரசு மதுக்கடை பகல் பன்னிரண்டுக்குத்தான் திறக்கும். பத்து மணிக்கு ஒருத்தன் போதையில் இருக்கிறான் என்றால் அது கடைச் சரக்கு இல்லை.

“பாக்கெட்டா?” என்றான். “தங்கச்சி, பாக்கெட்டா? எப்ப குடிச்சாரு?”

“இல்லண்ணே, இல்ல...”

அவன் கேட்கவில்லை. பச்சமுத்துவுக்குப் பக்கவாட்டில் போய் மூன்று விரலை நீட்டினான். “மச்சான்! இத பாரு! இது எத்தினி? கண்ணு தெரியிதா?”

பச்சமுத்து விரலைப் பார்க்கவில்லை. கரும்பைப் பார்த்தார். பிடித்தார், வெட்டினார்.

“கண்ணு தெரியல,” என்று பழனி கத்தினான். “ஐயா, வண்டிய எடுக்கச் சொல்லுங்க! கண்ணு போயிடுச்சு!”

பின்னாலிருந்து இரண்டு கையாலும் அவரை இடுப்போடு சேர்த்துத் தூக்கினான். தம்பியைத் தூக்காத கை அது. பச்சமுத்து உடம்பை முறுக்கினார்; பழனியின் இடது கை நழுவி விரிந்தது. கொடுவாள் மேலே போய், கீழே இறங்கியது. பழனியின் இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே, உள்பக்கம். கரும்பு வெட்டுகிற அதே வீச்சு, அதே அளவு பலம்.

இருசம்மாளின் குரல் முதலில் கேட்டது. அப்புறம் எல்லோருடைய குரலும். துண்டைக் கிழித்துக் கையைக் கட்டினார்கள், டிராக்டரில் ஏற்றினார்கள். செல்லியம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். பச்சமுத்து பிடி நழுவிய கரும்பை மறுபடி பிடித்தார். அதில் சிவப்பாக வழிந்திருந்தது. அடியில் வெட்டினார், கொழுந்தைத் தட்டினார், பின்னால் போட்டார். அடுத்ததைப் பிடித்தார்.

போலீஸ் வந்தபோது அவர் வரிசையின் பாதியைத் தாண்டியிருந்தார். யாரும் கிட்டே போகவில்லை. மறுமுனையிலிருந்து செல்லியம்மாள் வெட்டிக்கொண்டு வந்தாள். அவள் கை வேகம் அன்றைக்கு ஆண்களுக்குச் சமமாக இருந்தது.

“ஏம்மா, நீ இன்னா பண்ற?” என்று எஸ்.ஐ. வரப்பிலிருந்து கேட்டார்.

“வரிசை முடியட்டுங்க. முடிஞ்சா அவரே குடுத்துடுவாரு.”

“ஆள வெட்டிட்டு வயல வெட்டிக்கினு கீறான். அத நாங்க நின்னு பாக்கணுமா?”

“கிட்டப் போவாதீங்க சார். உங்க கால்ல வுழறேன். இன்னும் பத்து அடிதான்.”

கடைசிக் கரும்பைப் பச்சமுத்து பிடித்தார், அவள் விலகி நின்றாள். அவரே வெட்டினார். நிமிர்ந்தார். எதிரே அவள் முகம். கொடுவாளைத் திருப்பி, பிடியை நீட்டினார். அவள் வாங்கிப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“தண்ணி,” என்றார் பச்சமுத்து.

ஸ்டேஷனில் அவர் வாயில் ஒரு குழாயை வைத்து ஊதச் சொன்னார்கள். செல்லியம்மாள் எதிரே நின்று ஊதிக் காட்டிய பிறகு அவரும் ஊதினார். அந்தச் சின்னப் பெட்டி மூச்சில் சாராயம் எவ்வளவு என்று எண்ணாகக் காட்டும். எல்லாம் பூஜ்யம் என்று காட்டியது. இன்னொரு தடவை ஊதச் சொன்னார்கள். பூஜ்யம்.

“குடிக்கவேயில்ல,” என்றார் எஸ்.ஐ. ஏட்டைப் பார்த்து. “அப்ப தெளிவாத்தான் வெட்டியிருக்கான். நிறுத்தச் சொன்ன கோவத்துல. எழுதிக்கய்யா.”

அப்போதுதான் செல்லியம்மாளுக்குப் புரிந்தது. குடி என்ற பொய் போய்விட்டது. உண்மையை வைக்காவிட்டால் அந்த இடத்தில் கொலை முயற்சி வந்து உட்கார்ந்துகொள்ளும். உண்மை மலையில் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. அதில் அவர் நோயின் பெயரும் இருக்கிறது, இரண்டு கோடு போட்ட அந்த வரியும் இருக்கிறது. ஒன்றை மட்டும் காட்ட முடியாது.

“சார், அவருக்குத் தலையில வியாதி. பேப்பர் வெச்சிருக்கேன்.”

“எங்க?”

“வூட்டுல. நாளைக்கு எடுத்தாறேன்.”

“வியாதி இருக்குற ஆளு கையில கொடுவா எப்பிடி வந்திச்சு?”

அவள் ஃபைலை எடுக்க மலைக்குக் கிளம்பினாள்.

போகிற வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு வாசலில் இருசம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பழனியின் சட்டை, கருத்துப் போய்.

“அண்ணி...”

“குடின்னு சொன்னியேடி.” இருசம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. “போலீஸ்காரரு வந்து சொல்றாரு, ஒரு சொட்டு இல்லன்னு. இன்னாடி அது?”

செல்லியம்மாள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா காட்டிய படத்தைச் சொன்னாள், பிரேக்கைச் சொன்னாள், வரிசையைச் சொன்னாள், பின்னாலிருந்து தொடக் கூடாது என்பதைச் சொன்னாள். ஃபைலில் இருந்த வரியையும் சொன்னாள்.

இருசம்மாள் கடைசிவரை கேட்டாள். “இதுல பாதிய எங்கிட்ட சொல்லியிருந்தா போதுமே. எங்க வூட்டுக்காரரு தூரமா நின்னிருப்பாரு,” என்றாள். “எங்கூட ஒண்ணா ஒக்காந்து துன்ன. ஒருநாளும் வாயத் தொறக்கல.”

“கட்டிப் போட்டுடுவாங்கன்னு பயந்துட்டேன் அண்ணி.”

“இப்ப?”

உள்ளே பழனி விழித்துக் கிடந்தான். கை முழுக்கக் கட்டு. உள்ளே நரம்பும் தசைநாரும் அறுந்துவிட்டன, தைத்திருக்கிறோம், ஆனால் விரல்கள் மடங்குவது சந்தேகம் என்று சொல்லியிருந்தார்கள். விரலை மடக்கும் நார் எல்லாம் மணிக்கட்டு வழியாகத்தான் போகிறது; கரும்பைப் பிடிக்கும் கை இடது கை. அவன் அவளைத் திட்டவில்லை.

“கடை தொறக்கலியேன்னுதான் பயந்தேன், தங்கச்சி,” என்றான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் ஃபைல் ஸ்டேஷனுக்கு வந்தது. எஸ்.ஐ. அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பச்சமுத்துவைச் சிறைக்கு அனுப்பவில்லை. ஒரு டாக்டர் வந்து பார்த்தார், இன்னும் பேப்பர்கள் சேர்ந்தன. வெளியே எங்கும் அவிழ்த்துவிட மாட்டேன், இனி நடப்பதற்கு நானே பொறுப்பு என்று செல்லியம்மாளிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள். ஜோடி இல்லாத அவளுக்கும், மேஸ்திரி இல்லாத மற்ற பதினொரு ஜோடிக்கும் அந்த வருஷத்து வெட்டு அதோடு முடிந்தது.

மலையில் சின்னக்கண்ணு சங்கிலியை எடுத்து வைத்துக் காத்திருந்தான். பெரிய பலா மரத்தடியில் பழைய வட்டத்தில் புல் முளைத்திருந்தது.

“மரத்துல கட்டாத,” என்றாள் செல்லியம்மாள்.

“வேற எங்க அண்ணி?”

கிணற்றுக்குள் மோட்டாரைத் தொங்கவிடும் பழைய கம்பிக் கயிறு ஒன்று வீட்டில் கிடந்தது. அதை இரண்டு பலா மரங்களுக்கும் நடுவே, இடுப்பு உயரத்தில், இழுத்துக் கட்டச் சொன்னாள். நாற்பது அடி வந்தது. தொய்வு விழாதபடி ஒரு முனையில் கட்டையைச் செருகி முறுக்கினார்கள். கம்பியில் ஒரு இரும்பு வளையம், வளையத்தில் சங்கிலி, சங்கிலியின் மறுமுனையைக் காலில் இல்லாமல் இடுப்பில், தோல் பட்டை வைத்துப் பூட்டினாள். ஆள் நடந்தால் வளையம் கம்பியில் கூடவே வழுக்கிக்கொண்டு வரும். மரத்தைச் சுற்றாது, இறுகாது. ஒரு மரத்தில் தொடங்கினால் இன்னொரு மரத்தில் முடியும்.

பூட்டைப் பூட்டியது அவள்தான். சின்னக்கண்ணு கை நீட்டினான், அவள் கொடுக்கவில்லை.

பச்சமுத்து நின்று பார்த்தார். பிறகு நடந்தார். வளையம் கம்பியில் உரசியபடி வந்தது. இடது கை காற்றில் எதையோ பிடித்தது, வலது கை தாழ்ந்து வீசியது. நாற்பது அடி. சின்ன மரத்தின் அடியில் போய் நின்றார், நிமிர்ந்தார். கத்தவில்லை.

“நல்லாத்தான் கீது அண்ணி,” என்றான் சின்னக்கண்ணு. “நீங்க மரவள்ளி பிடுங்கவாவது கூலிக்குப் போவலாம்.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சமுத்து மரத்தடியில் அப்படியே நின்றார். வலது கையைத் திருப்பி, வெறும் கையை முன்னால் நீட்டியிருந்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. கை இறங்கவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மெல்லக் கிளம்பியது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

செல்லியம்மாள் எழுந்து ஓடி, எதிரே போய் முகத்தைக் காட்டி, அந்தக் கையிலிருந்து இல்லாத கொடுவாளை வாங்கினாள். தீட்டுகிற நேரம் நின்றுவிட்டு, திருப்பிக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு மறுபக்கம் நடக்க ஆரம்பித்தார். அவர் போய்ச் சேருவதற்குள் அவள் பெரிய மரத்தடிக்குப் போயாக வேண்டும்.